கரி கிரில்லில் தார் வாடை: எட்டு ஞாயிற்றுக்கிழமைகள்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் ஒன்றரைக் கிலோ விளைமீன் சுட்டேன். அக்கா மகன் தன் துண்டை வாயில் வைப்பதற்கு முன்னால் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தான். ஜனவரியிலிருந்து அவனுக்கு அது பழக்கமாகிவிட்டது. மோந்தான், ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிட்டான், இன்னொரு துண்டு கேட்டான். அந்த இன்னொரு துண்டுக்காகத்தான் எட்டு ஞாயிறுகள் போயின. நோட்டில் குறித்து வைத்ததை வரிசை மாறாமல் இங்கே எழுதுகிறேன். யாருக்காவது இரண்டு மூன்று ஞாயிறாவது மிஞ்சட்டும்.

எங்கள் கிரில் கடையில் வாங்கியதல்ல. 200 லிட்டர் இரும்பு டிரம்மை நீளவாக்கில் பிளந்து, கீழ்ப் பாதியை அடுப்பாகவும் மேல் பாதியைக் கீல் வைத்த மூடியாகவும் செய்தது. தூத்துக்குடியில் எங்கள் தெருமுனை வெல்டிங் பட்டறை அண்ணாச்சியின் கைவேலை. நீளம் 88 செ.மீ., அகலம் 58 செ.மீ. இரண்டு பக்கத் தட்டிலும் அடிப்பக்கமாக 25 மி.மீ. துளை இரண்டிரண்டு, ஆக நாலு. மூடியின் ஓரத்தில் புகை போக மூன்று அங்குலக் குழாய், அதன் வாயில் திருகி மூடுகிற ஒரு வட்டத் தகடு. உள்ளே 10 மி.மீ. கம்பியில் கரித்தட்டு, டிரம்மின் அடியிலிருந்து 6 செ.மீ. உயரத்தில். அதற்கு 18 செ.மீ. மேலே மீன், கறி வைக்கிற கம்பித்தட்டு. டிரம் 900 ரூபாய், கம்பியும் கூலியும் 3,400. முன்பு பாமாயில் வந்த டிரம்தான் என்றாலும், முதல் நாளே விறகு போட்டு மூன்று மணி நேரம் எரித்து, உள்பூச்சு முழுக்க உரிந்தபின் தேய்த்துக் கழுவித்தான் சமைக்க ஆரம்பித்தோம். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் மழைக்காலம் வந்தது. அக்டோபரிலிருந்து பொங்கல் வரை கிரில்லைத் தார்ப்பாய் போட்டு மூடி மாடி மூலையில் நிறுத்தியிருந்தேன். கடைசியாகச் சமைத்த சாம்பலும், சொட்டிய கொழுப்பும் உள்ளேயே இருந்தன.

முதல் ஞாயிறு, பொங்கல் விடுமுறை. ஒன்றரைக் கிலோ கோழி, தயிரும் மிளகாய்த்தூளும் போட்டு ராத்திரியே ஊறவைத்தது. மூடி போட்டு 45 நிமிடம். எடுத்தபோது பார்க்க அருமையாக இருந்தது. வாயில் வைத்ததும் அக்கா மகன் துப்பிவிட்டு, “சித்தி, டயர் வாடை அடிக்குது” என்றான். டயர் என்பதைவிட, ரோடு போடும் இடத்தில் தாரைக் காய்ச்சும்போது வருமே, அந்த வாடை. அதோடு சேர்ந்து பழைய தேங்காய் எண்ணெய் காறிப்போன வாடையும் இருந்தது. ஒரே நாற்றம் என்றுதான் அன்று நினைத்தேன். இரண்டு வாடைகள் இரண்டு இடத்திலிருந்து வருகின்றன என்று புரிய ஐந்தாவது ஞாயிறு ஆனது. கோழியைக் கொட்டிவிட்டோம். 360 ரூபாய் போனதைவிட, பிள்ளைகள் ராத்திரி தோசை சாப்பிட்டுப் படுத்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது ஞாயிறு செய்தது பெரிய தப்பு. சூடு ஏற்றினால் உள்ளே இருக்கிற அழுக்கெல்லாம் எரிந்து போய்விடும் என்று எண்ணி, நாலு கிலோ கரியைக் கொட்டிப் பற்றவைத்து, துளைகளையும் குழாயையும் முழுக்கத் திறந்து மூடியைப் போட்டேன். இருபது நிமிடத்தில் அடியில் படிந்திருந்த கொழுப்பு பற்றிக்கொண்டது. குழாய் வழியே ஒரு முழ உயரத்துக்குத் தீ வந்தது. மூடியைத் திறக்கப் போன கையை அக்கா பிடித்து இழுத்தாள். அவள் இழுத்ததுதான் சரி. திறந்திருந்தால் காற்று புகுந்து தீ முகத்துக்கே வந்திருக்கும். கீழ்த் துளைகளில் ஈர மண்ணை அப்பி, குழாய்த் தகட்டைக் கம்பால் தள்ளி மூடினோம். பத்து நிமிடத்தில் அடங்கியது. கொழுப்புத் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது என்பது மட்டும் அன்றைக்கு இருவருக்கும் நினைவிருந்தது, நல்லவேளை. மூடியின் வெளிப்புறம் ஒரு சாண் அகலத்துக்குப் பெயின்ட் கொப்பளித்துவிட்டது. உள்ளே அழுக்கு எரிந்தும் போகவில்லை, பாதி எரிந்து கெட்டியாக ஒட்டிக்கொண்டது. முதலில் சுரண்டணும், அதற்கப்புறம்தான் எரிக்கணும்.

மூன்றாவது ஞாயிறு முழுக்கச் சுரண்டல். கம்பி பிரஷ் 60 ரூபாய், சுவருக்குப் பட்டி பார்க்கிற இரும்புக் கத்தி 70 ரூபாய். மூடியின் உட்புறம் கறுப்புச் செதில் செதிலாகத் தொங்கியது. பெயின்ட்தான் உரிகிறது என்று முதலில் பயந்தேன். விரலில் வைத்து நசுக்கினால் தூளாகப் பொடிந்தது. பெயின்ட் அப்படிப் பொடியாது, தோல் மாதிரி வளையும். இது புகைக்கரியும் கொழுப்பும் படிந்து காய்ந்த ஏடு. சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். மூடியில் மட்டும் 310 கிராம் இருந்தது. குழாய் இருக்கிற பக்கம் மட்டும் ஏடு பொடியவில்லை. அங்கே பழுப்பு நிறத்தில், பலாப்பால் மாதிரிப் பிசுபிசுவென்று ஒட்டியது. அந்த வித்தியாசத்தை நோட்டில் எழுதினேன், ஆனால் காரணம் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இரண்டு ஞாயிறு மிச்சம்.

சுரண்டியபின் பத்து லிட்டர் கொதிநீரில் 200 கிராம் சலவை சோடா கரைத்து, தேங்காய் நாரால் தேய்த்தேன். ரப்பர் கையுறை கட்டாயம். சோடா வென்னீர் கொழுப்பைக் கரைக்கிற மாதிரியே கைத்தோலையும் அரிக்கும். கம்பித்தட்டைத் தனியாக அதே தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறப்போட்டேன். கீழ்ப் பாதியில் மேலே தெரிந்த சாம்பலை அள்ளினேன். அடியில் கெட்டியாக இருந்ததை டிரம்மின் தரை என்றே நினைத்து விட்டுவிட்டேன். இது பின்னால் வரும்.

மறுபடி கழுவி, வெயிலில் காயவைத்து, துருப்பிடிக்காமல் இருக்கக் கடலை எண்ணெய் பூசினேன். இங்கேயும் ஒரு பிழை. 100 மில்லி எண்ணெயைத் தாராளமாகத் தடவிவிட்டேன். காய்ச்சினபோது அது இரும்பில் படியவில்லை, ஓடி அடியில் தேங்கி, மூன்று நாளில் தானே காறல் வாடை அடிக்க ஆரம்பித்தது. துணியில் நாலு சொட்டு விட்டு, தடவி, அப்புறம் உலர்ந்த துணியால் எண்ணெயே இல்லாத மாதிரித் துடைத்து எடுக்க வேண்டும். தோசைக்கல்லைப் பழக்குகிறவர்களுக்கு இது தெரிந்ததுதான். டிரம் பெரியது என்பதால் எண்ணெயும் அதிகம் வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

எல்லாம் சுத்தமான பிறகு நாலு உருளைக்கிழங்கைத் தோலோடு சுட்டுப் பார்த்தேன். காறல் பெரும்பாலும் போய்விட்டது. தார் வாடை அப்படியே இருந்தது.

நாலாவது ஞாயிறைப் பற்றி எழுதவே தயக்கமாக இருக்கிறது, ஆனால் இதைத்தான் முக்கியமாக எழுதணும். கரித்தட்டின் கம்பி இடைவெளி வழியே சின்னக் கரித்துண்டுகள் கீழே சாம்பலில் விழுந்து, காற்றில்லாமல் புகைவதைப் பார்த்தேன். அந்தப் புகைதான் காரணம் என்று முடிவுகட்டி, ஹார்டுவேர் கடையில் 180 ரூபாய்க்குப் பளபளப்பான ஜி.ஐ. வலை வாங்கிவந்து, கரித்தட்டின் மேல் விரித்தேன். பற்றவைக்கப் போகிற நேரம் பட்டறை அண்ணாச்சி கீலைச் சரிபண்ண மாடிக்கு வந்தார். வலையைப் பார்த்ததும், “தாயி, இத எடுத்து வெளிய போடு. இதுல துத்தநாகம் பூசிருக்கு. நாங்க ஜி.ஐ. பைப்ப வெல்டிங் வச்சாலே ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். இதுல சோத்த வச்சுத் திங்கப் போறியா?” என்றார். துத்தநாகம் சுமார் 420 டிகிரியிலேயே உருகிவிடும். நல்லாக் காற்று வாங்கிக் கனல்கிற கரி அதைப்போல இரண்டு மடங்கு சூட்டைத் தாண்டும். பூச்சு ஆவியாகி, அந்தப் புகையைச் சுவாசிக்கிறவர்களுக்குத்தான் அவர் சொன்ன காய்ச்சல். வலையை அன்றே சுருட்டி, முருங்கைக் கன்றுக்கு ஆடு கடிக்காமல் வேலியாகக் கட்டிவிட்டேன். கரித்தட்டில் கம்பிகளுக்கு நடுவே இன்னொரு வரிசைச் சாதாரணக் கம்பி, 8 மி.மீ., வைத்துப் பற்றவைத்துத் தந்தார். இடைவெளி இப்போது ஒரு சுண்டுவிரல்கூட நுழையாது. கீலோடு சேர்த்து 600 ரூபாய். துத்தநாகம் பூசி வெள்ளி மாதிரிப் பளபளக்கிற எந்தத் தகடும் வலையும் தீக்குப் பக்கத்தில் வேண்டாம்.

வாடை போகவில்லை.

அந்த வாரம் இஸ்திரி வண்டி அண்ணனிடம் துணி கொடுக்கப் போனபோது அவர் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனிதர் நாள் முழுக்கக் கரியை வெள்ளைச் சட்டைகளின் மேல் தேய்க்கிறார். ஒரு சட்டையிலாவது புகை வாடை வந்ததுண்டா? கேட்டேன். “வாடை ஏறினா துணி திரும்பி வந்துரும், தங்கச்சி. அதனால கரிய வெளிய பத்தவச்சு, புகை செத்தப்புறம்தான் பெட்டிக்குள்ள போடுவேன்” என்றார். என் மூட்டைக் கரியில் ரெண்டு துண்டு கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். ஒன்றை இன்னொன்றின் மேல் தட்டினார். ‘டொக்’ என்றது. தன் கரியைத் தட்டினார். ஓட்டுச் சில்லு மாதிரி ‘கிணுங்’ என்றது. அவருடையது சிரட்டைக்கரி, என்னுடையது சீமைக்கருவேலக் கரி, ஆகவே ஓசை கொஞ்சம் மாறத்தான் செய்யும். ஆனாலும் என் துண்டை வண்டிச் சக்கரத்தில் அடித்து உடைத்துக் காட்டினார். வெளியே கறுப்பு, நடுவில் காப்பித்தூள் நிறம். நார் தெரிந்தது. “இது கரி இல்ல. மூட்டத்தோட ஓரத்துல கிடந்த கட்டை. பாதிதான் வெந்திருக்கு.”

எட்டயபுரம் போகும் வழியில் நவம்பரில் வாங்கிய 20 கிலோ மூட்டை அது. கிலோ 35 ரூபாய் என்று மலிவாகக் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மேலே தழையும் மண்ணும் மூடி, நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனலவிட்டுக் கரி எடுப்பார்கள். கரிமூட்டம் என்பது அதுதான். நடுவில் இருக்கும் கட்டை முழுக்கக் கரியாகும். ஓரத்திலும் தரையோடும் கிடப்பது சில சமயம் அரைகுறையாக நின்றுவிடும், அதுவும் மழை நேரத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தத் துண்டு கிரில்லில் போய் மறுபடி விறகாகவே எரிகிறது. பச்சை விறகுப் புகையும் தாரும் அதிலிருந்துதான்.

இருந்தாலும் நாலு வாரம் அவசர முடிவுகளால் அடிபட்டிருந்ததால், இந்த முறை உடனே நம்பவில்லை. ஐந்தாவது ஞாயிறு ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்து எரித்துப் பார்த்தேன். முதல் வாரமே இதைச் செய்திருக்க வேண்டும்.

அம்மாவின் பழைய கரி அடுப்பு பரணில் இருந்தது, வாளிக்குள் மண் பூசியது. அதை இறக்கினேன். இஸ்திரி அண்ணன் ஒன்றரைக் கிலோ சிரட்டைக்கரி கொடுத்தார், காசு வாங்கவில்லை. மூக்கை மட்டும் நம்ப முடியாது, பத்து நிமிடத்தில் பழகிவிடும். அதனால் பழைய வேட்டியைச் சாண் அளவுக்குக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, புகைக்கு ஒரு முழம் மேலே ஒரு நிமிடம் பிடித்து, தனித்தனிப் பையில் போட்டு மறுநாள் காலையில் மோந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கரி அரைக் கிலோ.

முதலில் அம்மாவின் அடுப்பில் சிரட்டைக்கரி. எட்டு நிமிடத்தில் புகை நின்றது. துணி வெள்ளை, வாடை இல்லை. இரண்டாவது, அதே அடுப்பில் என் மூட்டைக் கரி. 25 நிமிடம் மஞ்சள் கலந்த புகை. துணியில் பழுப்புக் கறை, மறுநாளும் தார் வாடை. மூன்றாவது, டிரம்மில் சிரட்டைக்கரி, மூடி திறந்து. ஆரம்பத்தில் லேசாகக் காறல், அப்புறம் ஒன்றுமில்லை. நாலாவது, அதே டிரம், அதே சிரட்டைக்கரி, மூடி போட்டு. அரை மணி நேரம் கழித்துக் குழாயில் துணியைப் பிடித்தேன். மறுநாள் துணியை மோந்தபோது தார் இல்லை, ஆனால் பூட்டிக் கிடந்த அடுப்படியின் புகைவாடை இருந்தது.

ஆக மூட்டைக் கரி ஒரு குற்றவாளி. மூடிய டிரம் இன்னொன்று.

இரண்டாவது சோதனையில் அடுப்பு எரியும்போது திடீரென்று தூறல் விழுந்தது. அடுப்பைத் தூக்கி மாடிப்படி அறைக்குள் வைத்தேன், கதவு திறந்துதான் இருந்தது. கால் மணி நேரத்தில் எனக்கு நெற்றி வலித்தது, ஒரு மாதிரி மயக்கமாக வந்தது. உடனே வெளியே வந்துவிட்டேன். கனலும் கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. வாடையைத் துரத்திக்கொண்டிருந்த எனக்கு, வாடையில்லாத அதுதான் உயிரை எடுக்கக்கூடியது என்பது அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது. மழை வந்தால் அடுப்பை மழையிலேயே விட்டுவிடுங்கள். நனைந்து அணையட்டும்.

ஆறாவது ஞாயிறு கரி பொறுக்கல். மூட்டையில் 14 கிலோ மிச்சமிருந்தது. மாடிப்படி அறையின் சிமெண்டுத் தரையில் நேராகவே வைத்திருந்ததால் அடிமூட்டை ஈரம் குடித்திருந்தது. எவ்வளவு என்று பார்க்க ஒரு கிலோ எடுத்து மூன்று நாள் வெயிலில் பரப்பினேன். 890 கிராம் ஆனது. 110 கிராம் தண்ணீர்! கரி விலை கொடுத்துத் தண்ணீரையும் வாங்கி, அதைக் கொதிக்கவைக்கவும் கரி செலவழித்திருக்கிறேன். ஈரக்கரி லேசில் பிடிக்காது, புகைந்து புகைந்துதான் வரும். மொத்தத்தையும் தார்ப்பாயில் பரப்பிக் காயவைத்தேன்.

காய்ந்தபின் சுத்தியலோடு உட்கார்ந்து, பெரிய துண்டுகளை எல்லாம் உடைத்தேன். நல்ல கரி சுலபமாக விண்டு விழுகிறது, முறிந்த இடம் கறுத்து மினுங்குகிறது. அரைவேக்காடு உடையாமல் நெகிழ்கிறது, நார் பிரிகிறது, உள்ளே பழுப்பு. பாதி வேலையிலேயே கை பழகிவிட்டது. ஒரே அளவுத் துண்டு இரண்டை இரண்டு கையிலும் எடுத்தால் கனமானது எது என்று தெரிந்துவிடும், அதுதான் அரைவேக்காடு, உடைக்கவே தேவையில்லை. தரையில் கீறிப் பார்ப்பதும் உதவியது. நல்லது கரேலென்று கோடு போடும், மற்றது மங்கலாகத் தேயும். கடைசியில் 3 கிலோ 200 கிராம் கழிந்தது. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு! மூட்ட மண் ஒட்டிய துண்டுகளையும் தட்டி உதறினேன், கால் கிலோ மண் சேர்ந்தது. கழித்ததை வீணாக்கவில்லை, குளிக்க வென்னீர் போடும் அடுப்புக்கு விறகாகப் போய்க்கொண்டிருக்கிறது. பார்த்துக்கொள்ளுங்கள், விறகாக அது ஒழுங்காகவே எரிகிறது.

பொறுக்கிய கரியை அம்மாவின் அடுப்பில் வைத்து மறுபடி துணிச் சோதனை. 12 நிமிடத்தில் புகை நின்றது. துணியில் கறை இல்லை.

ஏழாவது ஞாயிறு டிரம் பக்கம் திரும்பினேன். ஒரு துளைக்குள் பென்சிலை விட்டுப் பார்த்தேன், பாதிதான் போனது. அடுத்தது பென்சிலே நுழையவில்லை. மூன்றாவது வாரம் டிரம்மின் தரை என்று நினைத்தேனே, அது தரை அல்ல. மழைக்கால ஈரத்தில் சாம்பல் குழைந்து, இறுகி, சுண்ணாம்புக் காரை மாதிரிப் பிடித்திருந்தது. உளியும் சுத்தியலும் வைத்துப் பெயர்த்தேன். 2 கிலோ 300 கிராம். அதற்கடியில் இரும்பு புள்ளி புள்ளியாகத் துரு அரித்திருந்தது, ஒரு இடத்தில் ஆணியால் குத்தினால் ஓட்டையாகிவிடும் போலிருக்கிறது. கரித்தட்டுக்குக் கீழே இருக்க வேண்டிய 6 செ.மீ. இடைவெளியில் 4 செ.மீ. இந்தக் கட்டிதான். கரிக்குக் கீழேயிருந்து காற்றே வரவில்லை. மூடி திறந்திருந்தால் மேலிருந்து காற்று கிடைக்கும், தப்பித்துவிடும். மூடினால் மூச்சுத்திணறிப் புகைகிறது. நாலாவது துணி சொன்னது இதைத்தான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 25 மி.மீ. துளை ஒன்றின் பரப்பு சுமார் 5 சதுர செ.மீ., நாலுக்கு 20. மேலே மூன்று அங்குலக் குழாய் ஏறத்தாழ 45. துளைகள் சுத்தமாக இருந்தாலும் உள்ளே வரும் வழி வெளியேறும் வழியில் பாதிகூட இல்லை. அதனால் பக்கத்துக்கு இரண்டாக இன்னும் நாலு துளை போட்டேன். இப்போது 40 சதுர செ.மீ. துளை போடுகிற வட்ட ரம்பம், அதாவது ஹோல் சா, 250 ரூபாய், டிரில் மெஷின் மச்சானிடம் இரவல். டிரம் தகடு ஒரு மில்லிமீட்டர்தான் என்பதால் ஹோல் சா கடித்துப் பிடித்துக் கையை முறுக்குகிறது. முதல் துளை கோணலாகிவிட்டது. உட்பக்கம் ஒரு பலகைத் துண்டை அண்டக் கொடுத்து, வேகத்தைக் குறைத்துப் போட்டபோது மற்ற மூன்றும் வட்டமாக வந்தன. பிசிறை அரத்தால் ராவினேன். மூடித்திறக்க, கழற்றிப்போட்ட பழைய கதவுத் தாழ்ப்பாளின் கறுப்பு இரும்புத் தகட்டை வெட்டி, ஒரு நட்டில் சுழலும்படி மாட்டினேன்.

கடைசியாக என் கைப்பழக்கம். சூட்டை உள்ளே பிடித்துவைக்க மேலே குழாய்த் தகட்டைப் பாதி மூடுவது என் வழக்கம். புகைக்கு வெளியே போக வழியில்லாமல் அது மூடியின் உட்புறத்திலேயே குளிர்ந்து, அந்தப் பலாப்பால் பிசுக்காகப் படிந்து, சொட்டாகச் சமையலில் விழுந்திருக்கிறது. குழாய்ப் பக்கம் வைத்த துண்டுகளில்தான் வாடை அதிகம் என்பதைப் பிள்ளைகள் முதல் நாளே சொல்லியிருந்தார்கள்! நான் கவனிக்கவில்லை. இப்போது மேலே எப்போதும் முழுத் திறப்பு. சூட்டைக் குறைக்கணும் என்றால் கீழ்த் துளைகளை மூடுகிறேன். 450 ரூபாய்க்கு ஓர் ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி மூடியில் மாட்டினேன். எட்டுத் துளையில் நாலைத் திறந்து வைத்தால், ஒன்றரைக் கிலோ கரியில் 170 முதல் 190 டிகிரிக்குள் முக்கால் மணி நேரம் நிற்கிறது.

எட்டாவது ஞாயிறு. பொறுக்கிய கரி ஒன்றரைக் கிலோ. தேங்காய் நாரும் ஒரு கட்டிச் சூடமும் வைத்துப் பற்றவைத்தேன், மூடியைத் திறந்தே வைத்தேன். மேல்கரி முழுக்கச் சாம்பல் பூத்து வெள்ளையாகும்வரை காத்திருந்தேன், 28 நிமிடம். முன்பெல்லாம் 10 நிமிடத்தில் அவசரப்பட்டு மூடிவிடுவேன். கனலை இரண்டு ஓரத்துக்கும் ஒதுக்கி, நடுவில் பழைய எவர்சில்வர் தாம்பாளத்தில் கொஞ்சம் தண்ணீர், எண்ணெயும் சாறும் கரியில் சொட்டாமல் இருக்க. மீனுக்கு மிளகு, சீரகம், பூண்டு, புளித்தண்ணீர், உப்பு. மூடி போட்டு 14 நிமிடம், திருப்பிப் போட்டு 8 நிமிடம். குழாயில் கண்ணுக்குத் தெரிகிற புகை இல்லை, காற்று மட்டும் வெயிலில் நெளிந்தது. அதற்கப்புறம் நடந்ததை மேலேயே எழுதிவிட்டேன்.

கணக்கு: சலவை சோடா 40, பிரஷ் 60, கத்தி 70, வீண்போன வலை 180, கம்பியும் பற்றவைப்பும் 600, ஹோல் சா 250, தெர்மாமீட்டர் 450, கொட்டிய கோழி 360. கூடவே இஸ்திரி அண்ணன் வாங்கும் கடையிலேயே ஐந்து கிலோ சிரட்டைக்கரி, கிலோ 55 வீதம் 275. மொத்தம் 2,285 ரூபாய். வாடையை உண்மையில் போக்கியவை என்று பார்த்தால் சோடா, பிரஷ், கத்தி, ஹோல் சா, 420 ரூபாய்தான். மற்றபடி ஒரு சுத்தியலும் ஒரு பகல் பொழுதும்.

இனி கரி வாங்கும்போது மூட்டைக்குள் கையை விட்டு அடியிலிருந்து நாலு துண்டு எடுத்து, கடைவாசலிலேயே உடைத்துப் பார்க்கப் போகிறேன். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. வீட்டில் மூட்டை இப்போது இரண்டு செங்கல் மேல் பலகை போட்டு, மூடி இறுகும் பிளாஸ்டிக் டிரம்மில் இருக்கிறது. சமைத்து முடித்ததும் மூடியைத் திறந்துவைத்து, தட்டு சூடாக இருக்கும்போதே பிரஷ் போடுகிறேன், ஐந்து நிமிட வேலை. சாம்பலை மறுநாள் காலையில் ஆறியபின் அள்ளிவிடுகிறேன். அடுத்த அக்டோபரில் தார்ப்பாய் போடுவதற்கு முன் உள்ளே ஒரு பொட்டுச் சாம்பல் இருக்காது.

டிரம்மின் அடியில் துரு அரித்த இடத்துக்கு மூன்று மில்லிமீட்டர் தகடு வைத்துப் பற்றவைக்க அண்ணாச்சி ஒத்துக்கொண்டிருக்கிறார். மூடியின் மரக்கைப்பிடியில் மட்டும் இன்னும் காறல் இருக்கிறது, மரம் எண்ணெயை நன்றாகவே குடித்திருக்கிறது. அதைக் கழற்றி வேப்பங்கட்டையில் புதுசு போடணும். இஸ்திரி அண்ணனும் நானும் சேர்ந்து 50 கிலோ சிரட்டைக்கரி மூட்டை ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறோம், அவருக்கு 35, எனக்கு 15. வெள்ளிக்கிழமை வருகிறது. சுத்தியலை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.